பத்தியமும் அவித்த முட்டையும்

முட்டை ஓடு தானாக நடந்து வந்து சட்டைப் பைக்குள் ஏறிக்கொள்ளாது. யாரோ முட்டையைக் கொடுத்திருக்க வேண்டும், கணவர் அதைத் தின்றிருக்க வேண்டும், ஓட்டைப் போட இடமில்லாமல் பையில் திணித்திருக்க வேண்டும். தையல்காரிக்கு இவ்வளவும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சட்டை தொளதொளவென்று தொங்குகிறதே என்று பக்கவாட்டில் பிடித்துத் தைக்க அதைத் தையல் மெஷினில் வைத்தபோதுதான் ஓட்டுத் துண்டு விரலில் குத்தியது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ பேரை மேலே ஏற்றி இறக்கிய மனிதர், இப்போது ஒரு மாடி ஏறுவதற்குள் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ்.

டயாலிசிஸ் மெஷினுக்குப் போகுமுன் சில வருடங்கள் மருந்திலேயே ஓட்டினார்கள். அப்போது டாக்டர் சொன்னது, முட்டை, கறி, மீன், பருப்பு எல்லாவற்றையும் குறையுங்கள், சிறுநீரகம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும் என்று. தையல்காரி ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள். ஒரு கரண்டிப் பருப்பைத் தவிர, குறையுங்கள் என்றதை நிறுத்துங்கள் என்றே எடுத்துக்கொண்டாள். மெஷின் வந்த பிறகு புதுப் பத்தியம் சொன்னார்கள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும், பழத்தில் எது ஆகும் எது ஆகாது என்று பார்க்க வேண்டும். அவள் பழைய பத்தியத்தின் மேலேயே புதுப் பத்தியத்தையும் ஏற்றி வைத்தாள். பழையதை இறக்கி வைக்கும்படி யாராவது சொல்லியிருந்தாலும், அந்த முதல் வாரக் கலவரத்தில் அது அவள் காதில் ஏறவில்லை.

மனிதர் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். டயாலிசிஸ் மையத்தில் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். முடிந்து இறங்கும்போது அவர் எடை நூல் பிடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை" என்று நர்ஸ் ஒருமுறை சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. கணவரின் அக்கா மட்டும் அவளுக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த அக்காதான் தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். எல்லாப் பரிசோதனையும் பொருந்தி வந்தது. ஆனால் போன தடவை பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ரத்தத்தில் புரதம் இறங்கிக்கொண்டே போகிறது, காலில் வீக்கம் இருக்கிறது, இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, மூன்று மாதம் பார்ப்போம், தேறாவிட்டால் இந்தப் பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார். தையல்காரி அன்று இரவு தூங்கவில்லை. எங்கேயோ பத்தியம் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, மிச்சமிருந்த கரண்டிப் பருப்பையும் நிறுத்தினாள்.

அப்படி இருக்கும்போது சட்டைப் பையில் முட்டை ஓடு!

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மையத்துக்குப் போனாள். வழக்கமாக அவருக்குத் துணையாக உட்காருவது நாத்தனார்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. கூட்டத்தில் ஒளிந்து நிற்பவனைக் கண்ணசைவிலேயே கண்டுபிடிப்பாள். ஆனால் அன்று முதுகைக் காட்டிக்கொண்டு, தம்பி வாயில் முட்டையை ஊட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கையும் களவுமாக அகப்பட்டாள்.

தையல்காரி குரலை உயர்த்தவில்லை. சுற்றிலும் மனிதர்கள் மெஷினோடு படுத்திருந்தார்கள்.

"அண்ணி, நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவரைக் காப்பாத்தறேன். நீங்க விஷத்தைக் கொடுக்கறீங்களே?"

நாத்தனார் டப்பாவை மூடினாள். மூடியதில் முட்டை வாசம் இன்னும் கூடியதுபோல இருந்தது.

"ஏம்மா, சிறுநீரகத்தையே கொடுக்கறேன்னு சொன்னவ, ஒரு முட்டையைக் கொடுக்கக் கூடாதா? பசிக்குது அக்கான்னு சொல்றான். உன்கிட்ட சொல்லப் பயப்படறான்."

பயப்படுகிறார் என்ற சொல் தையல்காரியைச் சுருக்கென்று தைத்தது. கணவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, கூரையில் ஏதோ பழுது பார்ப்பவர்போல மேலே பார்த்தார்.

அப்போது சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன பெண். புதிய ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேச வந்தவளிடம் இருவரும் ஒரே நேரத்தில் முறையிட்டார்கள். அவள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று தையல்காரியிடம் கேட்டாள். தையல்காரி ஒப்பித்தாள். ஒப்பிக்க ஒப்பிக்க அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு அவரது சட்டையை ஓரமாகத் தொட்டுப் பார்த்து, அளவு கச்சிதமாக இருக்கிறதே, புதிதா என்று கேட்டாள்.

பழையதுதான், தொளதொளத்துப் போனதைப் பிடித்துத் தைத்தேன் என்றாள் தையல்காரி. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எத்தனை தடவை பிடிச்சீங்க?"

தையல்காரி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். சட்டையைப் பிடித்தது, பேண்ட் இடுப்பைப் பிடித்தது, கை அகலத்தைக் குறைத்தது, காலரை மாற்றியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எடை ஒரே இடத்தில் நிற்கிற மனிதனுக்கு எதற்காக மாதாமாதம் சட்டையைப் பிடித்துத் தைத்தாள்? ஊரார் உடம்பையெல்லாம் டேப் வைத்து அளக்கிறவள், சொந்த வீட்டு உடம்பு கரைந்ததைத் தன் கையாலேயே தைத்து மூடியிருக்கிறாள்.

டயட்டீஷியன் மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது புரதச் சத்தும் கொஞ்சம் போய்விடும். அதனால் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு முட்டை, மீன், கோழி எல்லாம் முன்னைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

"முன்னாடி சொன்னது அப்போ சரி. இப்போ அது சரிப்படாது. சதை போன இடத்துல தண்ணி வந்து உக்காந்துடுச்சு. அதான் தராசு ஒரே எடையைக் காட்டுச்சு. எங்க கண்ணுக்கும் அது தப்பிடுச்சு. அந்த முட்டையாவது உள்ள போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

தையல்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் புருஷனைத் தானே பட்டினி போட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையும்தான். நாத்தனாருக்கு இது எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வெற்றி. ஆனாலும் அவள் அதைக் கொண்டாடவில்லை. டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த முட்டையை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, நீயே ஊட்டு. வார்டன் கையால சாப்பிட்டாத்தான் அவனுக்கு ஒட்டும்."

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். டயாலிசிஸ் முடிந்ததும் அவர் நிற்க வேண்டிய எடையைப் பெரிய டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டார். தேங்கிய நீர் வடிய வடியக் காலில் வீக்கம் வற்றியது, கூடவே தசைப்பிடிப்பும் வந்து மனிதர் துடித்தார். சாப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போன வயிறு கோழியைக் கண்டாலே குமட்டியது. ஒரு மாதம் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிவிட்டது. அதைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய மாத்திரையை அவர் மறந்திருந்தார். தையல்காரி அதன் பிறகு மாத்திரையைத் தட்டிலேயே வைத்தாள், அதை விழுங்காமல் அடுத்த கவளம் கிடையாது. தண்ணீர் அளவும் உப்பும் வடித்த காயும் அப்படியே இருந்தன. வார்டன் வேலையை அவள் ராஜினாமா செய்யவில்லை, சாப்பாட்டைக் கூட்டிப் போட்டாள், அவ்வளவுதான். ஒருநாள் அவராகவே, இன்னொரு முட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவள் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்தாள்.

மூன்று மாதம் முடிந்து மூவரும் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டினார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார். பிறகு, அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சையை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் சளி இருமல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கையையும் விரித்து அக்காவைக் கட்டிக்கொண்டார். சட்டையின் பக்கவாட்டுத் தையல் படாரென்று பிரிந்தது. அக்குளிலிருந்து இடுப்புவரை காற்று வாங்கியது.

தையல்காரி தைத்த துணி இதுவரை பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அடங்குமுன் அழுகையும் வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை உள்பக்கம் புரட்டிப் போட்டாள். ஒவ்வொரு முறை பிடித்துத் தைத்தபோதும் மிஞ்சிய துணியை அவள் வெட்டி எறியவில்லை, மடித்து உள்ளேயே விட்டிருந்தாள். அளவு இனிக் கூடப்போவதில்லை என்றால் வெட்டிவிடுவதுதான் தொழில் வழக்கம். அவள் நம்பிக்கை இழந்து கிடந்த நாட்களிலும் அவள் கை ஏனோ வெட்டவில்லை.

கணவர் பனியனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு பிரிக்கப் போறே?"

"முழுசா" என்றாள்.