களவுக்கு இரண்டு இங்கிலீஷ் சொல்

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். சாய்ந்தமருதில் கட்டிய புது வீட்டின் குசினிக்குள், அடுப்பு மேடையோரம் நின்று ஸுஹைறா போனைக் காதோடு அமுக்கிப் பிடித்திருந்தாள். துபாயில் வீட்டு வேலைக்கு நிற்கும் தங்கச்சி றிஸ்மியா, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

“மேடம்ட மோதிரத்தக் காணல்லயாம் ராத்தா. நாந்தானாம் எடுத்த. பத்து நிமிஷத்துல உண்மையச் செல்லாட்டி பொலிஸக் கூப்புடுவாவாம். வல்லாஹி, நான் தொடவேயில்ல!”

“அவட்ட என்னண்டு சென்ன நீ?”

“ஐ நோ ராப் ரிங் எண்டன்.”

“ராப் எண்டா ஆள மறிச்சுப் பறிக்கிறது புள்ள. பொருளக் களவெடுக்கிறதுக்கு ஸ்டீல். ஐ டிட் நொட் ஸ்டீல் யுவர் ரிங். செல்லு!”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் டியூஷன் கொடுக்கிறவள், கூடப்பிறந்தவளுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுக்காமல் பிளேன் ஏற்றி விட்டாளே! ஆறு வருஷம் அரபி வீடுகளில் கழித்த றிஸ்மியா, இந்த வெள்ளைக்கார வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான். திக்கித் திக்கி, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள்.

அந்த ஆறு வருஷ உழைப்பில், தன் கல்யாணத்துக்கென்று றிஸ்மியா கட்டிய வீடு இது. வீடில்லாத பெண்ணை இந்த ஊரில் யார் கேட்டு வருகிறார்கள்? ஸுஹைறாவுக்கு முப்பத்துநாலு வயது. பர்ஹானின் வீட்டார் அவளைப் பெண் கேட்டு வந்ததும், காணி தன் பேரில் இருந்த தைரியத்தில் தாய் சபியா உம்மா வீட்டு உறுதிப் பத்திரத்தை மூத்தவளுக்கு எழுதிவிட்டாள். ஸுஹைறாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வருகிற வெள்ளி நிக்காஹ். கல்யாணம் றிஸ்மியாவுக்குத் தெரியும், வீடு கைமாறியது தெரியாது. பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்றிருந்தார்கள், பாவிகள்.

“சரி ராத்தா, செல்லிப் பாக்கன். நம்பாம தொரத்தினாலும் பரவால்ல. வந்து கிடக்க எனக்கெண்டு ஒரு ஊடு இரிக்கிதானே?”

அங்கே யாரோ கதவை இடித்தார்கள்.

“இரிக்கா ராத்தா?”

“ஓம் புள்ள. இரிக்கி.”

போன் அறுந்தது. திரும்ப எடுத்தாள். றிஸ்மியாவின் போன் ஓஃப்.

“டீச்சர்!” முன்னறையிலிருந்து பெயின்ட் அடிக்கிற றம்ஸீன் கூப்பிட்டான். “பொண்ணு மாப்பிள அறைக்கு என்ன கலர் அடிக்கிற?”

“ஒண்டும் அடிக்காதீங்க.”

“என்ன டீச்சர், வெள்ளிக்கெழம கலியாணத்த வெச்சிக்கிட்டு?”

“அடிக்காதீங்க எண்டன். இது என்ட ஊடில்ல, நான் களவெடுத்த ஊடு.”

றம்ஸீன் பிரஷ்ஷைப் பெயின்ட் வாளிக்குள் போட்டான். அவள் தரையில் குந்திக்கொண்டு மறுபடியும் துபாய் நம்பரை அழுத்தினாள்.