மூன்று பேப்பரிலும் வந்த ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. கடைவாய்ப்பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வலியை மறக்க மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்தேன். உள்பக்கத்து மூலையில் ஒரு பெண் குளத்தில் கால் தவறி விழுந்து இறந்திருந்தாள். இன்னொரு பத்திரிகையை எடுத்தேன். அதே பெண், அதே குளம், அதே கால். மூன்றாவதிலும் அப்படியே, வாக்கியம்கூட மாறவில்லை. எதிலும் ஒத்துப்போகாத மூன்று பத்திரிகைகள் ஒரு பெண்ணின் காலைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமையாக இருக்கின்றன என்று யோசிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கேள்வி உள்ளேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் எதுவும் விசாரிக்கவில்லை. கீழே வருகிறவள் வேறொருத்தி, முழுக்க என் கற்பனை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக, நான் எதைக் கற்பனை செய்ய மறுக்கிறேன் என்பதுதான் பிரச்சினையாகப் போகிறது.

2

'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவில், கல்குவாரியின் விளிம்பில் ஒரு நிழல் அசைந்து—'

நிறுத்திவிட்டேன். நிழலைப் பார்த்தது யார்?

'அவளுக்கு எதிரிகளே கிடையாது என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால்—'

இந்த 'ஆனால்' மோசமான ஆள். விட்டால் பின்னாலேயே ஒரு கள்ளக்காதலனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் சுமாராக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்:

'நிருபரின் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எழுதும் செய்தி எதுவானாலும் அவளுக்கு ரப்பர் வாடைதான் அடிக்கும்.'

3

அந்த ஊரில் மூன்று பத்திரிகைகள், மூன்றுக்கும் தலா ஒரு நிருபர். அச்சில் பரம எதிரிகள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மூவருக்கும் ஒரே பெஞ்சு. தினமும் மூன்று பேரும் காவல் நிலையத்துக்கு அலைவானேன் என்று எப்போதோ ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்கு 'முறை' என்று பெயர். இன்று யார் முறையோ அவர் போய் விசாரித்து, எழுதி, மற்ற இருவருக்கும் அனுப்புவார். அவர்கள் 'நேற்று' என்ற சொல்லை முன்னாலோ பின்னாலோ நகர்த்தித் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். சொந்தச் சரக்காகிவிடும்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்திக்கொண்டிருந்த பெண், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் இறந்து கிடந்த அன்று, அவசரத்தின் முறை.*

* அவசரம் என்பது மூவரில் மூத்தவரின் பட்டப்பெயர். எழுந்து நிற்பதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டது. மூன்றாமவர் 'மாப்பிள்ளை'. எந்த வெயிலிலும் இஸ்திரி கலையாத சட்டை.

அவசரம் அனுப்பிய வரி இது: 'குட்டை ஓரமாக நடந்து சென்றபோது கால் தவறி விழுந்து நீரில் மூழ்கி உயிரிழந்தார்.' டயர் கடை மாடி நிருபருக்கு அன்று தலைக்குமேல் வேலை. 'நேற்று' என்பதை முன்னால் நகர்த்தினாள். கீழே தன் பெயரைப் போட்டாள்.

4

செய்தி வந்து சில நாள் கழித்து, இறந்தவளின் தங்கை மாடிப்படி ஏறி வந்தாள். கையில் மூன்று பத்திரிகைகள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இதுல எங்க அக்கா கால் தவறி விழுந்தான்னு எழுதியிருக்கீங்க. பார்த்தது யாருங்க?"

"போலீஸ் சொன்னதுதாம்மா. நாங்க—"

"அவங்ககிட்டதான் மொதல்ல போனேன். எதை வெச்சு கால் தவறின்னு சொல்றீங்கன்னு கேட்டேன். 'மூணு பேப்பர்லயும் போட்டிருக்கான், உனக்கு மட்டும் என்னம்மா சந்தேகம்'னு கேக்கறாங்க. ஃபைலை மூடப் போறாங்களாம்."

தங்கை மூன்று பத்திரிகைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"அதான் கேக்கறேன். நீங்க அவங்களைக் காட்டறீங்க, அவங்க உங்களைக் காட்டறாங்க. நடுவுல எங்க அக்காவைத் தள்ளிவிட்டது யாரு?"

"தள்ளிவிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது." தங்கையின் குரல் முதல்முறையாக இறங்கியது. "தள்ளினாங்களா, தானா விழுந்தாளா, அவளே குதிச்சாளா, எதுவுமே எனக்குத் தெரியாதுக்கா. தேடுங்கன்னுதான் கேக்கறேன். தேடறதுக்கு முன்னாடியே கிடைச்சிடுச்சுன்னு எழுதிட்டீங்களே."

5

டீக்கடைப் பெஞ்சில் நிருபர் நேராகக் கேட்டாள். "அண்ணே, ஸ்டேஷன்ல உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"குட்டையில பொணம்னாங்க."

"கால் தவறின்னு சொன்னாங்களா?"

"அதை வேற சொல்லணுமாக்கும்!" அவசரம் டீயை ஊதினார். "குட்டையில செத்தா கால் தவறி. ரோட்டுல செத்தா அதிவேகமா வந்த வாகனம். வீட்டுல செத்தா திடீர் நெஞ்சுவலி. இத்தனை வருஷமா எழுதறே, இதெல்லாம் பாடமா எடுக்கணுமா? மொட்டையா 'செத்துக் கிடந்தாள்'னு அனுப்பினா டெஸ்க்ல செய்தியைத் திருத்தறவன் 'எப்படி?'ம்பான். அவன் கேக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒரு 'எப்படி' போட்டுடணும்."

"அப்ப யாருமே பார்க்கல."

"விடுக்கா," என்றார் மாப்பிள்ளை, சட்டையில் டீ சிந்தாமல் தள்ளி உட்கார்ந்தபடி. "நல்ல சாவாத்தானே எழுதியிருக்கு. மானம் மரியாதையோட. அந்தப் பொண்ணு குதிச்சாள்னு எழுதியிருந்தா ஊர் என்ன பேசும்?"

"நீங்களும் பார்க்கல."

"நான் எங்க பார்க்கறது? அன்னிக்கு உங்க முறைன்னு நினைச்சு, வந்ததைப் போட்டேன்."

"நான் அனுப்பல. அண்ணன் அனுப்பினதை நான் போட்டேன்."

"பார்த்தியா," அவசரம் சிரித்தார், "கடைசியில எல்லாம் என் தலையிலதான் விடியுது!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள், பார்க்காத ஒன்றை, பழக்கத்தில் எழுதினார். அது மூன்று சாட்சியாகிவிட்டது.

6

இந்த இடத்தில் எனக்கு நிருபர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வரிக்காக இவ்வளவு தவிக்கிறவள் உண்டா? நம்பும்படியாக இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு பழைய துக்கம் கொடுத்துப் பார்த்தேன்: சின்ன வயதில் தண்ணீரில் போன ஒரு தோழி. ஒரு பக்கம் எழுதினேன். கண்ணீர்கூட நன்றாகத்தான் வந்தது. பிறகு கிழித்தேன். சொந்தத்தில் ஒரு சாவு நடந்தால்தான் ஒருத்திக்கு அடுத்தவர் சாவு உறைக்குமா? அப்படித்தான் நீங்கள் நம்புவீர்கள் என்றால், நம்பாமலே படியுங்கள்.

அவளுக்கு நேர்ந்தது இவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அந்தச் செய்தியை எடுத்துத் தன் பெயரைப் பார்த்தாள். குற்ற உணர்வு என்று அதைச் சொல்ல முடியாது. தெருவில் யாரோ தன் உடையைப் போட்டுக்கொண்டு, தன் நடையில் போய், தான் பேசாததைப் பேசிவிட்டு வந்ததைப் போல் இருந்தது. திரும்பக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றியது. கழற்றிக் கொடு என்று. அவ்வளவுதான்.

7

இதுவரை எழுதியதை என் நாத்தனார் படித்தாள். துப்பறியும் கதைகளைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிற ஜாதி.

"அண்ணி, தள்ளினது கண்ணாடிக் கடை முதலாளிதானே?"

"தெரியாது."

"மாப்பிள்ளை? 'நல்ல சாவு'ங்கறானே. உறுத்துதே!"

"தெரியாது."

"எழுதறது நீங்கதானே? தெரியாதுன்னா என்ன அர்த்தம்? காசு கொடுத்து வாங்கறவன் கையில கொலைகாரனைக் கொடுக்க வேண்டாமா?"

இருந்தாலும் அவளே எனக்கு ஒரு முடிவு கொடுத்தாள். கெட்டிக்காரத்தனமான முடிவு. நேர்மையாக இங்கே வைக்கிறேன்:

'அடுத்த நாள் நிருபரின் முறை. அவள் எழுதி அனுப்பினாள்: "கல்குவாரிக் குட்டையில் பெண் கால் தவறி விழுந்ததாக எழுதியது ஆதாரமற்றது." மற்ற இருவரும் வழக்கம்போல் படிக்காமலே பெயரைப் போட்டார்கள். மறுநாள் மூன்று பத்திரிகைகளும் ஒரே குரலில்—'

நாத்தனார் கைதட்டினாள். எனக்கும் கை பரபரத்தது. எந்த ஏற்பாடு கெடுத்ததோ அதுவே சரிசெய்கிறது. வாசகர் சப்புக்கொட்டி மூடி வைப்பார். ஆனால் நிருபர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மறுபடியும் ஒரு வாய், மூன்று பேப்பர். அது உண்மையைச் சொன்னாலும் ஏமாற்றுதான். (அவள் இப்படி என்னிடம் பேசவில்லை. பேசுவதாக எழுதுவது கொஞ்சம் பாசாங்கு. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.)

அடித்துவிட்டேன்.

8

ஆசிரியரின் அறையில் மின்விசிறி மட்டும் நன்றாக வேலை செய்தது.

"மறுப்பு போடணும்னா யாராவது மறுக்கணும்மா. யார் மறுத்தா?"

"தங்கச்சி."

"அவ பார்த்தாளா?"

"இல்ல சார். நாமளும் பார்க்கல."

"அதனால? 'எப்படிச் செத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது'ன்னு போடவா? நாளைக்கு எல்லாத்துக்கும் தெரியாது தெரியாதுன்னு போட்டா எவன் பேப்பர் வாங்குவான்?"

"சரி, போட வேண்டாம். நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடறேன்."

ஆசிரியர் நாற்காலியைத் திருப்பினார். "என்னன்னு சொல்லுவே? நம்ம பேப்பர் பொய்ன்னா? சொல்லிட்டு இந்தப் படி ஏறாதே. அவசரமும் மாப்பிள்ளையும் இனிமே உன்னைப் பெஞ்சுல சேர்ப்பாங்களா? தனியா எத்தனை இடத்துக்கு ஓடுவே?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வேலையைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தெரியாது.

"அப்ப என் குடையை எடுத்துக்கறேன் சார்," என்றாள்.

9

காவல் நிலையத்துக்கு அவளும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். ஆய்வாளர் சிடுமூஞ்சி இல்லை. மேசையில் அவருக்கும் தலைக்குமேல் வேலை.

"நீங்களே எழுதிட்டு நீங்களே இல்லைன்னா எப்படிம்மா?"

"நான் பார்த்து எழுதல சார். மூணு பேப்பர் இல்ல அது. ஒரே ஆள். அவரும் பார்க்கல. நீங்க எங்களை நம்பியிருக்கீங்க, நாங்க உங்களை நம்பியிருக்கோம். குட்டையில என்ன நடந்துச்சுன்னு யாரும் போய் விசாரிக்கல."

"சரி, கால் தவறல. அப்ப எப்படிச் செத்தாங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"தெரியாது."

"என்னம்மா விளையாடறீங்களா? தெரியாதுன்னு எப்படி எழுதறது?"

"தெரியாதுன்னே எழுதுங்க சார்," என்றாள் நிருபர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வேணும்னா எழுத்துக்கூட்டிச் சொல்றேன். நீங்க எழுதற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."

தங்கையும் உட்கார்ந்தாள்.

10

ஆய்வாளர் எழுதினாரா? குட்டையில் தேடினார்களா? கண்ணாடிக் கடைப் பெண் எப்படி இறந்தாள்?

கொலைகாரனை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இல்லை. முதலாளியின் சட்டையில் ஒரு பொத்தானைக் காணாமல் போக்க எனக்கு அரை வரி போதும். பத்து நிமிட வேலை. உங்களுக்கும் திருப்தி, என் நாத்தனாருக்கும் திருப்தி. ஆனால் முதலாளி தள்ளினார் என்று நான் எழுதினாலும் சரி, கால் தவறினாள் என்று அவசரம் எழுதினாலும் சரி, இருவரும் செய்வது ஒரே காரியம்: மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு 'எப்படி'யை ஒட்டவைப்பது. என் நிருபர் வேலையைவிட்டு வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் அதை நான் செய்ய மாட்டேன்.

எனவே முடிவை உங்களிடமே விடுகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம். கொலை, தற்கொலை, கால் தவறியது, எதுவானாலும் எனக்குச் சம்மதம். நிபந்தனை ஒன்றுதான். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .