நட்சத்திர ஓட்டின் முன்னால் இராஜரட்ணம்

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கற்பனையில் முளைத்த கதை அல்ல. தொண்ணூற்று நான்கில், புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டோர்செட் பார்க்கில், தன் அப்பார்ட்மெண்டில் தேநீர் ஊற்றியபடி மரியம்மா எனக்குச் சொன்னது. நான் செய்ததெல்லாம் அங்கங்கே கெடுத்ததுதான்.

2.
'பல நூற்றாண்டுகளுக்கு முன், பாரசீகத்தில் ஒரு குயவன், பொன்போல் மினுங்கும் ஓட்டில்...'

(வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

'ஆங்கில வகுப்பார் மியூசியம் பார்க்கப் போன நாளில்...'

இது பரவாயில்லை. மரியம்மா அந்த வகுப்பில் ஒருவர்; கணவர் ஊரில் ஷெல்லடியில் போய்விட்டார். அதே வகுப்பில் இராஜரட்ணம், நாற்பது தாண்டியும் தனிக்கட்டை. தினமும் மரியம்மாவுக்குத் தன் பக்கத்துக் கதிரை பிடித்து வைப்பவர். காரணம் வகுப்புக்கே தெரியும்.

3.
கண்ணாடிப் பெட்டிக்குள் நட்சத்திர வடிவில் ஒரு சுவர் ஓடு. ஓரம் முழுக்க அரபு எழுத்து. ஒரு கல்லறை மண்டபத்துச் சுவரில் இருந்ததாம். எழுத்தைக் கண்டதும் இராஜரட்ணம் குனிந்து பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"வேதமெல்லோ. சப்பாத்தோட நிக்கக்கூடாது."

(காலுறையில் ஓட்டை இருந்தது என்று எழுதினேன். அது என் கைச்சரக்கு, அடித்துவிட்டேன்.)

கூட வந்த வகுப்புத் தோழி, ஈரானியப் பெண் பரீதே, ஓரத்து எழுத்தை வாசித்தாள்; எழுத்துதான் அரபு, மொழி அவளுடைய பாரசீகம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேதமில்லை, காதல் பாட்டு என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். நீ வராத இரவு விடியாது என்று இருக்கிறதாம்.

"கல்லறைச் சுவரிலயோ!" என்றார் மரியம்மா. பிறகு கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "செத்தவை கோவிக்கமாட்டினமோ?"

வழக்கமாக இராஜரட்ணத்தோடு பேசும் எந்தப் பேச்சின் வாலிலும் 'அண்ணை' ஒட்டுவார். அன்றைக்கு ஒட்டவில்லை. (இது நான் சேர்த்ததில்லை.)

"கோவிச்சிருந்தால், உந்தப் பாட்டை இவ்வளவு காலம் சுவரில விட்டிருப்பினமே?" என்றார் இராஜரட்ணம், கையில் சப்பாத்துகளோடு. "மரியம்மா, என்னைக் கலியாணம் செய்வீங்களோ?"

4.
முடிவு ஒன்று: "ஓம்." எழுதினேன். சீனி கூடிவிட்டது.

முடிவு இரண்டு: மரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்..." உப்பு கூடிவிட்டது. கிழித்தேன்.

உண்மையில் என்ன சொன்னீர்கள் என்று மரியம்மாவிடமே கேட்டேன்.

"கேட்டது அவர். மறுமொழியும் அவருக்குத்தான். உங்கட வாசகருக்கு என்னத்துக்கு?"

நியாயம்தானே. அன்று மியூசியத்தில் பரீதேயும் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வாசகரே, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மரியம்மா வாய் திறக்கப்போகிறார்.