மெத்தைக் கடை முக்கு

கைபேசி மூன்றாவது முறை அடித்தபோது மகளிர் கால்பந்து ஆட்டம் தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது. வெர்னா மைதான வாசலில், ரசிகர்களுக்காக இறாலும் மக்காச்சோளமும் கொதிக்கும் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தால் அதே ஆள். ஒஹையோவிலிருந்து பதினோரு மணி நேரம் கார் ஓட்டி வந்த ரேமண்ட் நோவக், எதிரணி கோல்கீப்பரின் அப்பா. இரண்டு வருடமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் மார்னி இன்றுதான் முதன்முதலாகக் களம் இறங்குகிறாள் என்பதை அவர் முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தார்.

"அம்மா, இந்தத் தெருவுல மெத்தைக் கடையே இல்லம்மா. நாலு தடவ சுத்திட்டேன்."

"இல்லதான் கண்ணு. அது எரிஞ்சு ஒம்பது வருஷம் ஆச்சே."

"அப்புறம் எதுக்கு அங்க திரும்பச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

"மெத்தைக் கடை முக்குன்னா இங்க எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சவன் இத எதுக்கும்மா படிக்கப்போறான்?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. வெளியூர் ரசிகர்களுக்கான சார்ல்ஸ்டன் கையேட்டை அவள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தாள். நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் எங்கே என்ன சாப்பிடலாம் என்பதற்கே போய்விட்டது. உள்ளூர் அணியான கூழைக்கடா இந்த வருடம்தான் ஆற்றோரத்துப் புது மைதானத்துக்கு மாறியிருந்தது. கைபேசி வரைபடம் இன்னும் எல்லோரையும் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்ததால், 'வரைபடத்தை நம்பாதீர்கள், என்னை நம்புங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

"சரி, இப்ப அந்த முக்குல என்னதான் இருக்கு? அதையாவது சொல்லுங்க."

தினமும் கடந்து போகிற இடம். வெர்னா கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். மெத்தைக் கடைதான் வந்தது, வாசலில் தொங்கும் சிவப்புப் பலகையோடு. வேறு எதுவும் வரவில்லை. "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரி முன்னாடி."

"பல் ஆஸ்பத்திரியா? அந்தப் பக்கம் அப்படி ஒண்ணும் கிடையாதே!"

பக்கத்தில் இறாலுக்கு மசாலா தூவிக்கொண்டிருந்த அவள் கணவன் லெமுவலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் கையேட்ட நம்பி ஊருக்குள்ள வரணும்னா பழசெல்லாம் தெரிஞ்ச ஆவியாத்தான் வரணும். பேசாம போய்க் கூட்டிட்டு வா."

"பதினாலு வருஷத்துல ஒரு ஆட்டம்கூட முதல் விசிலத் தவறவிட்டதில்ல நான்!"

"அவரு பொண்ணுக்கு இதுதான் முதல் விசிலு."

கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தாள். வந்த கோபம் லெமுவல் மேலா, அந்த மனிதர் மேலா, தன் மேலேயா என்று அவளுக்கே தெரியவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள். கடல் ஏறி, சாலையில் சக்கரம் பாதி மூழ்கத் தண்ணீர் நின்றது. வண்டிகள் ஊர்ந்தன. கையேட்டில் எழுதிய மஞ்சள் தண்ணீர்த் தொட்டி வர வேண்டிய இடத்தில் வெறும் வானம் இருந்தது. மின்னல் விழுந்த ஓக் மரம்? அதைப் போன புயலில் வெட்டியாயிற்று. பதினோரு மணி நேரம் ஓட்டி வந்த மனிதரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல விட்டுவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு எங்கே தேடுவது என்று தெரியாமல் மெத்தைக் கடை முக்குக்கே போனாள். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் வாசலில், முதுகில் நோவக் என்று எழுதிய எதிரணியின் பச்சைச் சட்டையோடு, கையேட்டைச் சுருட்டிப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் காரில் ஏறி அவள் பின்னாலேயே வந்தார். திரும்பும்போது தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது.

அவர்கள் மைதானத்தை அடைந்தபோது ஆட்டம் தொடங்கி இருபது நிமிடமாகியிருந்தது. லெமுவல் துள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "வெர்னா, தவறவிட்டுட்டியே! பதினஞ்சாவது நிமிஷம், அவங்க கோல்கீப்பர் நம்ம பொண்ண வாரிவிட்டா. சிவப்பு அட்ட, ஆட்டத்த விட்டே வெளிய! பெனால்டி, கோலு!" அப்போதுதான் பின்னால் வந்தவரின் சட்டையைப் பார்த்தான். மெல்ல வீராங்கனைகளின் அறைப் பக்கம் கையைக் காட்டினான்.

வீராங்கனைகளின் அறை என்பது வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி நின்ற ஒரு தகரக் கூண்டு. அதன் படியில் மார்னி தனியாக உட்கார்ந்திருந்தாள். கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அப்பாவைக் கண்டதும் எழுந்தாள்.

"அப்பா, நீங்க பாத்தீங்கதானே? நான் பந்தத்தான் தொட்டேன். இல்லப்பா?"

கையிலிருந்த காகிதச் சுருள் நசுங்க, ரேமண்ட் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"பந்தத்தான் தொட்ட கண்ணு," என்றாள் வெர்னா. "அந்த நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

மார்னி வெர்னாவின் சட்டையில் பெரிதாக இறக்கை விரித்திருந்த கூழைக்கடாவைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மைதானத்துக்குள்ளே கூட்டம் இரண்டாவது கோலுக்குக் கத்தியது. மார்னி மறுபடி படியில் உட்கார்ந்து, கையுறையின் பட்டையைப் பல்லால் கடித்து இழுக்கத் தொடங்கினாள்.