ஜூலிக்கு வெயில் வேண்டும்

1

இந்தக் கதையை நான் ஒரு பெண்ணின் முழங்கையிலிருந்து எடுத்தேன்.

எங்கள் தீவின் அரிமா சந்தையில், ஒரு சனிக்கிழமை காலை, அவள் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜூலி மாம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்படியில் முகர்ந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, பையில் அடுக்கினாள். பிறகு பக்கத்துக் குவியலிலிருந்து ஒரே ஒரு ஸ்டார்ச்* மாம்பழம் எடுத்தாள். அதை முகரவில்லை. நின்ற இடத்திலேயே நுனியைக் கடித்துத் துப்பினாள், கண்ணை மூடிக்கொண்டு சப்பத் தொடங்கினாள். சாறு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்து சொட்டியது.

"வீட்டுக்கு ஜூலி, வாய்க்கு ஸ்டார்ச்சா?" என்றாள் கடைக்காரி. "புருஷன் பாக்கலைன்னு தைரியமா?"

வெறும் கேலிதான். ஆனால் அந்தப் பெண் சட்டென்று கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். முழங்கையைத் துடைத்தாள். கொட்டையை எறியாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

நான் கண்டது அவ்வளவுதான். அவள் பெயர்கூடத் தெரியாது. யூலலி என்று நான்தான் வைத்தேன்.

(* ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கஞ்சிப்பசை மாம்பழம் என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை.)

இந்தத் தீவில் எந்தக் கட்சி என்று கேட்டால் மழுப்புவார்கள். எந்த மாம்பழம் என்று கேட்டால் மழுப்ப மாட்டார்கள். ரோஸ் என்பார்கள், கலபாஷ் என்பார்கள், கிரகாம் என்று சொல்லிவிட்டு யாராவது எதிர்க்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் மேலே ஜூலி. ஒட்டுமரம், குட்டை மரம், பழத்தில் நார் கிடையாது, கத்திக்குப் பணியும், விருந்தாளிக்கு வைக்கலாம். ஸ்டார்ச் சாலையோரத்துப் பழம். நார் பல்லிடுக்கில் மாட்டும். இனிப்பு மட்டும் வெட்கமே இல்லாத இனிப்பு. ஜூலியைவிட ஸ்டார்ச் பிடிக்கும் என்று இங்கே சொல்வது, மல்கோவா வேண்டாம் நாட்டுக்காய் போதும் என்று சேலத்தில் சொல்வதைப் போல. சொல்லலாம். சொன்ன பிறகு உங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "மழைக்காலம் தொடங்கிய அந்த வாரம், யூலலி தன் கணவனிடம்

(இல்லை. மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.)

இரண்டாவது: "முப்பது வருடமாக யூலலி ஒரு பொய்யைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்."

(நன்றாக இருக்கிறது. அதனால்தான் வேண்டாம். இப்படி ஒரு வரியை எழுதிவிட்டால், பிறகு அவள் அந்த வரிக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டியிருக்கும்.)

மூன்றாவது: மதியம். மழை பெய்து விட்டிருக்கிறது. யூலலியும் அவள் கணவன் அன்செல்மும் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அறை பச்சையாக இருக்கிறது, குளத்துக்கு அடியில் படுத்திருப்பதைப் போல. ஜன்னலுக்கு வெளியே பெரிய ஸ்டார்ச் மரம். அதன் நிழலுக்குள், தாய்க்கோழிக்கு அடியில் குஞ்சைப் போல, குட்டை ஜூலி. தகரக் கூரையில் ஒரு ஸ்டார்ச் விழுகிறது. டொம். உருள்கிறது. விளிம்பில் ஒரு கணம் யோசிக்கிறது. புல்லில் விழும் சத்தம் அவள் தூக்கத்துக்குள் விழுகிறது.

"உன் எதிரி விழுந்துட்டான், டூடூ," என்று அன்செல்ம் கண்ணைத் திறக்காமலே முனகுகிறான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அதுதான் செல்லப்பெயர்.

"ம்," என்கிறாள்.

ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீருக்குள் அன்செல்மின் பல்செட் சிரித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பீங்கான் குவளை நிறையப் பல்குத்தும் குச்சி.

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். இதில் யாரும் எதையும் சொல்லவில்லை.

3

ஒரு மாம்பழத்துக்காக ஒரு கதையா என்று நீங்கள் கேட்குமுன் நானே கேட்டுக்கொள்கிறேன். யூலலியை நான் முழுக்க நம்பவில்லை. எதற்காக இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு காலம் மறைத்தாள்?

அவள் சொன்ன பதில் இது. (பாத்திரங்கள் எழுத்தாளரிடம் பேசுவதாக எழுதுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் பேசினாள்.)

அன்செல்ம் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டைப்பை மாம்பால் கறை பட்டுப் பிசுபிசுத்திருந்தது. அதிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரே ஒரு ஜூலியை எடுத்தான். அவன் அம்மா வீட்டு மரத்தில் அந்த வருடம் முதலில் பழுத்தது.

"உனக்கு எந்த மாம்பழம் பிடிக்கும்?" என்று கேட்டான்.

கையில் பழத்தை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு எத்தனை பதில் இருக்க முடியும்? "ஜூலிதான்," என்றாள். அவன் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். "ஜூலி இருந்தா வேற எதையும் தொடமாட்டேன்."

கல்யாணமான வருடமே அவன் ஒரு ஜூலி ஒட்டுக்கன்று கொண்டுவந்தான். காலையில் எழுந்ததும் அவள் கண்ணில் படவேண்டும் என்று படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நட்டான். அங்கே ஏற்கனவே நின்ற ஸ்டார்ச்சை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு நிற்கும் மரம்.

ஒவ்வொரு ஜூனிலும் முதல் ஜூலியை அவன் பறிப்பான். தண்ணீரில் போட்டுக் குளிரவைப்பான். இரண்டு கன்னங்களையும் அறுத்து, கட்டம் கட்டமாகக் கீறி, தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்துகொள்வான். தான் ஒரு துண்டுகூட எடுக்க மாட்டான். அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் பழத்தைச் சாப்பிட்டாள்; அவன் அந்த முகத்தைச் சாப்பிட்டான்.

"அந்த முகம் பொய்யா?" என்று கேட்டேன்.

யூலலி முழங்கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பழத்துக்கு வந்த முகம் இல்ல. அவன் பாத்துக்கிட்டு இருந்தான்ல, அதுக்கு வந்தது," என்றாள்.

அவள் பயம் புரிகிறது. இன்று அவள் உண்மையைச் சொன்னால் அது இன்றோடு நிற்காது. அன்செல்ம் ஒவ்வொரு ஜூனாகத் திரும்பிப் போவான். ஒவ்வொரு முகத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

4

இந்த வருடம் ஜூலி காய்க்கவில்லை. பூவெல்லாம் கறுத்து, தொட்டால் சாம்பலாக உதிர்ந்தது.

"சனிக்கிழமை கார்வின் வர்றான்," என்றான் அன்செல்ம், டீயை ஆற்றிக்கொண்டே. "ரம்பத்தோட."

"எதுக்கு?"

"ஸ்டார்ச்சை எடுத்துடலாம். நிழல்ல ஈரம் காயவே மாட்டேங்குது, அதான் நோய். ஜூலிக்கு வெயில் வேணும். இந்த வருஷம் உனக்கு ஒரு பழம் அறுத்துக் குடுக்கல. எனக்கு அது தாங்கல, டூடூ."

"சந்தையில வாங்கிக்கலாமே."

"சந்தைப் பழமா! பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியக் கொஞ்சற மாதிரி இருக்கும்."

"நீ போய்க் கொஞ்சிப் பாரேன். வெர்னா அகப்பையால போடுவா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சொல்லிவிடலாம் என்று அந்தச் சிரிப்பில் ஒரு வாசல் திறந்தது. அவளுக்காக நான் அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டேன்.



அவள் சொன்னது: "ரூம்பு அடுப்பா கொதிக்கும், அன்செல்ம்."

"ஃபேன் வாங்கித் தரேன்."

"மரம் பாவம்."

"பாவமா? கூரையப் போய்ப் பாரு. அம்மை வந்த மூஞ்சியாட்டம் ஆக்கி வச்சிருக்கு." பிறகு அவள் முகத்தையே பார்த்தான். "வேண்டாம்னா சொல்லு. வேற காரணம் இருந்தா சொல்லு."

அவள் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி யூலலி, மரத்தை வெட்டுறானாமே உன் ஆளு? நீ பாத்துக்கிட்டு நிக்கப் போறியா?"

"எனக்கென்ன? எனக்கு ஜூலிதானே."

"யாருகிட்ட? அவன் வெளிய போனதும் பின்பக்கத் தொட்டிகிட்டக் குனிஞ்சு நின்னு சப்புறது யாரு, உன் பேயா? வேலிக்குக் கண்ணு இருக்குடி."

"வாயை மூடு, வெர்னா."

"நான் மூடிக்கிறேன். நீ தொற. உனக்கு வாய் மாம்பழம் திங்க மட்டும்தான் தொறக்குது."

5

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. யூலலி சொல்லிவிடுகிறாள்: "அன்செல்ம், எனக்கு ஜூலி பிடிக்காது." எழுதி முடித்ததும் அடித்தேன். அது உண்மை இல்லை. முப்பது வருடம் ஒருவன் அறுத்துக் கொடுத்த பழம் எப்படிப் பிடிக்காமல் போகும்? பிடிக்கிறது. ஆனால் நாக்குக்கு அல்ல. அதற்கு ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. அவளுக்கும் கிடைக்காததால்தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது முடிவு. மரம் விழுகிறது. யூலலி ஒரு கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்து வைக்கிறாள், அது முளைக்கிறது. (கொட்டை முளைத்தால் வாசகர்களுக்கு ஆறுதல். யூலலி அறுபதை நெருங்குகிறாள். முளைக்கு நிழல் கிடையாது.)

மூன்றாவது முடிவு. அன்செல்முக்கும் ஸ்டார்ச்தான் பிடிக்கும்! அவனும் ஒளிந்து சாப்பிட்டிருக்கிறான்! இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். (இரண்டு தட்டும் சமமாக நிற்பது தராசுக்கு அழகு. வீட்டில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.)

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு யூலலியைத் தூங்கவைத்தேன். எழுத்தில் எதுவும் ஓடாதபோது நான் செய்வது அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம். பச்சை அறை. அவள் கனவில் ஊரே கோயிலுக்கு ஊர்வலம் போகிறது. ஆளுக்கொரு மாம்பழத்தை மெழுகுவத்தியைப் போல ஏந்தியிருக்கிறார்கள். வெர்னாவின் கையில் ரோஸ் சிவப்பாக எரிகிறது. பாதிரியார் ஒவ்வொருவராக, "உன்னுடையது எது?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். யூலலி தன் கையைப் பார்க்கிறாள். கை வெறுமையாக இருக்கிறது. ஆனால் முழங்கையிலிருந்து சொட்டுகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைத் தரையில் மஞ்சளாக ஒரு குளம் பரவுகிறது. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு மரியாதையாக நடக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டொம். கூரை. அவள் விழித்துக்கொள்கிறாள்.

6

அவள் விழித்ததும் எதைப் பார்ப்பாள் என்று யோசித்தேன். படுத்திருப்பவளின் கண் ஜன்னலுக்குத்தானே போகும். அதனால் நானும் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், விளிம்பில் என்ன வைத்திருந்தேன் என்று பார்த்தேன்.

டம்ளரில் அன்செல்மின் பல்செட். பக்கத்தில் குவளை நிறையப் பல்குத்தும் குச்சி.

அறை நிறைய வேண்டுமே என்று சும்மா எழுதிய குவளை அது. சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஆனால் பல்செட் போட்டவனுக்குக் குச்சி எதற்கு? ஜூலியில் நார் கிடையாது. இறைச்சி அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் சமைப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது அன்செல்ம். யூலலி ஒருநாளும் குச்சி வாங்கச் சொன்னதில்லை. குவளை ஒருநாளும் காலியானதுமில்லை.

யூலலியும் இப்போது அதையேதான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தினம் மதியம் கை தானாகப் போய் எடுத்த குச்சி. யார் நிரப்புகிறார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. பக்கத்தில் அன்செல்ம் தூங்குகிறான், அல்லது கண்ணை மூடியிருக்கிறான்.

அவனுக்குத் தெரியும்.

எழுதியவுடன் பேனா நின்றுவிட்டது. தெரிந்தால் ஏன் வெட்டுகிறான்? இவ்வளவு மென்மையாக ஒரு ரகசியத்துக்குக் குச்சி வாங்கி வைத்தவன், அந்த மரத்தின் மேல் எப்படி ரம்பம் வைப்பான்? வாயால் கேட்க முடியாத கேள்வியை ரம்பத்தால் கேட்கிறானா? அல்லது தெரிந்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல், ஜூலிக்கு வெயில் கிடைத்துவிட்டால் அடுத்த ஜூனில் அந்த முகம் நிஜமாகவே வந்துவிடும் என்று நம்புகிறானா?

நான் அவனைப் படைத்தவள். எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் முப்பது வருடம் இருந்த யூலலிக்கும் தெரியவில்லை. அதை நினைத்தபோதுதான் இவர்கள் இருவரும் எனக்கு நிஜமான மனிதர்களானார்கள்.

7

சனிக்கிழமை. வெயில். இலைகளிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டுகிறது.

கார்வின் மரத்தைச் சுற்றி வந்து, அடிமரத்தைத் தட்டிப் பார்க்கிறான். "நல்லா வைரம் பாஞ்ச மரம். வெட்ட மனசு வரல, அன்செல்ம் அண்ணே. எந்தப் பக்கம் விழணும்?"

"ஜூலி மேல மட்டும் விழக்கூடாது," என்கிறான் அன்செல்ம்.

"மிஸ் யூலலி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

யூலலி தள்ளி நிற்கவில்லை. புல்லில் பழங்கள் மஞ்சளாகச் சிதறிக் கிடக்கின்றன. வேலியில் வெர்னா, துணிக்கூடை கையில், வாயை மூடிக்கொண்டு. மோட்டார் ரம்பம் ஒருமுறை இருமி நிற்கிறது. கார்வின் மறுபடி அதன் கயிற்றை இழுக்கக் குனிகிறான்.

(இங்கே அவளுக்கு ஒரு வசனம் எழுதினேன். அடித்தேன். இன்னொன்று. அதையும் அடித்தேன். பிறகு, முதல் நாள் சந்தையில் அவளிடம் கண்டது வசனம் அல்ல என்பது நினைவுக்கு வந்தது.)

யூலலி குனிந்து ஒரு ஸ்டார்ச்சை எடுக்கிறாள். பாவாடையில் துடைக்கிறாள். நுனியைக் கடித்துத் துப்புகிறாள். அன்செல்முக்கு நேர் எதிரே நின்று, பட்டப்பகலில், சப்புகிறாள். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கையில் சொட்டுகிறது. அவள் துடைக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. இந்த முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. அதை அவன் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறாள்.

கார்வின் கயிற்றைப் பிடித்தபடி இவரையும் அவரையும் பார்க்கிறான். "அண்ணே? இழுக்கட்டுமா, வேணாமா?"

யூலலி வாயிலிருந்து கொட்டையை எடுக்கிறாள். நாக்கு பல்லிடுக்கைத் துழாவுகிறது. நார்.

அன்செல்மின் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் எழுதவில்லை. கார்வினுக்குக் கொடுக்க எடுத்துவைத்த கூலியாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். நான் தொலைவில், மேஜையருகே உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து தெரியவில்லை. நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். கை வெளியே வருகிறது. பாருங்கள்.