நேத்துதான் வந்தேன்

அப்பா ஏரிக்கரையில் கூடாரம் போட்டுக் குடியிருந்ததை எங்கள் ஊரில் யாரும் குடியிருப்பு என்று சொன்னதில்லை. "ரெய்னோ கேம்பிங் போயிருக்கார்" என்றார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வாடகை வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறேன், காலி பண்ணு என்று வீட்டுக்காரன் சொன்ன மே மாதத்திலிருந்து கேம்பிங்.

ஹெரான் ஏரியில் இடத்துக்குக் காசு கிடையாது. அதனால் வேறெதுவும் கிடையாது. குழாய் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு குழிக் கக்கூஸ், தீ மூட்ட இரும்பு வளையங்கள், ஒரு பலகை. இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் தங்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கும். அப்பா கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த வளையத்துக்குப் பக்கத்தில் நடுவார். அது செல்லாது என்று காட்டிலாகா ரேஞ்சர் ஹார்லனுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, "எப்ப வந்தீங்கண்ணே?" என்பான்.

"நேத்துதான்."

"மீன் கடிக்குதா?"

"பரவால்ல."

போய்விடுவான். கோடை முழுக்க அப்பா நேற்றுதான் வந்திருந்தார்.

அக்டோபர் முதல் தேதி எங்கள் ஊர் மில் ரோட்டில் ஒரு டிரெய்லர் வீடு காலியாகிறது. அவருக்கென்று சொல்லிவைத்தாகிவிட்டது. அதுவரை ஓட்டினால் போதும். நான் டுலூத் நகரத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். விருந்தாளியைத் தங்கவைத்தால் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். பட்டம் வாங்கியவள் அப்பனைக் காட்டில் விட்டிருக்கிறாள் என்று அத்தை சொன்னாளாம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டத்தோடு வீடும் தருவார்கள் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, கம்பளிக் காலுறைகளும் அவருக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து இடத்தில் சிகாகோவிலிருந்து வந்த தம்பதி. புதுக் கூடாரம், புது அடுப்பு. அந்த அம்மாள் பிரிஜெட் காபிக் கோப்பையோடு எங்களிடம் வந்தாள்.

"உங்கப்பா மாதிரி மனுஷரைப் பாக்க முடியாதும்மா. ஜூன்ல வந்தப்ப ஈர விறகை வச்சுக்கிட்டு முழிச்சோம். அவர்தான் ஈரத்திலயும் எரியற பிர்ச் மரப்பட்டை கொண்டுவந்து பத்தவச்சுக் குடுத்தார். எல்லாத்தையும் உதறிட்டு இப்படி வாழ எவ்வளவு தைரியம் வேணும்."

"உதறலைங்க. பிடுங்கிட்டாங்க."

"ஐலா" என்றார் அப்பா. என் பெயரை மட்டும்தான்.

நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி அவள் சிரித்தாள். கல்லூரியிலும் இப்படிப் பெண்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வெந்நீரில் குளித்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் இருந்த கதையை ஒரு வாரம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் குளிர்காலம் பூராவும் குழாய் உறைந்து கிடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது ஹார்லனின் வண்டி வந்தது. அவன் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் அதிகாரி. ஹார்லன் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டான்.

"எப்ப வந்தீங்க சார்?"

சார் என்றதுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "நேத்துதான்."

பிரிஜெட் அவர் தோளில் தட்டினாள். "நேத்தா? அடக்கம் பாருங்க. மே மாசத்திலேர்ந்து இங்கதான் இருக்கார். குப்பைகூட இவர்தான் பொறுக்கறார். நீங்க இவருக்கு ஒரு மெடல் குடுக்கணும்."

மனசாரச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹார்லன் ஏரியைப் பார்த்தான். அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. இந்த வருஷம் இந்தக் காட்டுல வேற எந்த ஏரியிலும் தங்கக் கூடாது."

"மழையா இருக்கு மேடம், நாளைக்குக் காலையில..." என்று ஹார்லன் இழுத்தான்.

"இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஹார்லன் வாயைத் திறந்தான். அப்பாதான் சொன்னார்: "இப்பதாம்மா பாக்கறோம்."

நனைந்த கூடாரத்தை மடிப்பது செத்த மாட்டை மடிப்பது மாதிரி. பிரிஜெட் அழுதுகொண்டே நின்றாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்க வேண்டியதும் இல்ல. திங்கட்கிழமை வீட்டுக்குப் போயிடுவீங்க" என்றேன்.

தார்ப்பாயின் கீழ் அப்பா கோடை முழுக்கப் பிளந்து அடுக்கிய விறகு இருந்தது. வாரி வாரி அவருடைய டிரக்கில் போட்டேன். அவர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக இறக்கினார்.

"விடும்மா. அடுத்து வர்றவங்களுக்கு விட்டுட்டுப் போறதுதான் வழக்கம்."

"அடுத்து எரிக்கப் போறது இவங்கதான்பா."

"யாரா இருந்தா என்ன. குளிருதுல்ல."

அந்த நிமிஷம் பிரிஜெட்டைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. போய் என் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

மாநில எல்லை தாண்டி விஸ்கான்சினில் வேறொரு காடு, வேறொரு ஏரி. அங்கேயும் இலவசம், அங்கேயும் அதே பலகை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஈரக் கூடாரத்தை நட்டுக்கொண்டிருந்தபோது ரேஞ்சர் வந்தான். என் வயசுதான் இருக்கும்.

"எப்ப வந்தீங்க?"

அப்பா கையில் கயிற்றோடு நிமிர்ந்தார். "இன்னிக்கு... இன்னிக்குத்தான் தம்பி." உண்மையைச் சொல்லும்போது குரல் தடுமாறியது.

அவன் டிரக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். வாணலி, பனிக்கால கோட்டு, சட்டம் போட்ட அம்மா படம். பிறகு வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டான்.

"இருபதாம் தேதிக்குள்ள கிளம்பிடணும். நான் வந்து பாப்பேன்."

"அக்டோபர் ஒண்ணாம் தேதி இவருக்கு வீடு கெடைக்குது. கொஞ்ச நாள் கூட..." என்றேன்.

"எல்லாரும் ஏதாவது ஒரு தேதி சொல்றாங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அப்பா அதன் பின்விளக்கு மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனைப் பத்தி ஒண்ணும் கேக்கலியே" என்றார்.