அத்தை கூப்பிட்ட பேர்

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். செல்லியம்மாள் அத்தைதான் விடவில்லை. அப்பாவுக்கு அக்கா, எனக்கு மாமியார். கட்டிக்கொடுத்த மகளோடு போட்டி போட்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாளே என்று தன் ஊர் மூங்கில்துறைப்பட்டு முழுக்க அம்மாவைப் பேசினாள். அந்தப் பிள்ளையைக் கையால் தொடமாட்டேன் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டாள்.

எங்களில் அத்தைக்காரிதான் குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, காதில் பேர் சொல்லித் தொட்டிலில் போடவேண்டும். அத்தை இல்லாத பிள்ளைக்கு அப்பாயி செய்வாள். அத்தை இருந்தும் தொடாத பிள்ளை என்ற பேச்சு தம்பிக்கு ஆயுசுக்கும் நிற்கும். அதை நினைத்து நினைத்து அம்மா அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அழாதே என்று அதட்டுவேன்.

முதலில் தம்பி பிறந்தான், பின்னாலேயே என் மகன். அது எண்பத்தேழு. இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால் நான் பிள்ளை பெற வந்திருந்த அம்மா ஊர் எலவனாசூர்கோட்டைக்கு ஒரு வாரம் பஸ் கிடையாது. அத்தையால் வர முடியவில்லை. எனக்கோ பால் சரியாகச் சுரக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைக்குப் போதுமான பால். அதனால் என் மகனை அவள் எடுத்துக்கொள்வாள், வயிறு நிறைந்த தம்பி என் மடியில் தூங்குவான்.

பாதை திறந்ததும் அத்தை சர்க்கரையும் வெள்ளி அரைஞாணுமாக வந்து இறங்கினாள். எல்லாம் பேரனுக்கு. மூலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா பக்கம் திரும்பவே இல்லை. நேரே வந்து என் மடியில் கிடந்ததை அள்ளினாள்.

"மூக்கப் பாரு. அப்படியே எங்கப்பா மூக்கு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனது. அரைஞாண் இடுப்பில் ஏறியது. "அய்யனார்" என்று மூன்று முறை காதில் சொல்லி, அத்தை அவனைத் தொட்டிலில் போட்டாள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அது எந்தம்பி அத்த. ஒங்க பேரன் அங்க பால் குடிச்சிக்கினு இருக்கறான்."

அம்மா பயந்துபோய், அரைஞாணைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் அண்ணி என்று எழுந்தாள். தம்பி தொட்டிலில் சப்புக்கொட்டினான். அத்தை அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூக்கு எங்கப்பன்துன்னு நானே சொல்லிட்டேன். இன்னாத்த கழட்டறது?" என்று முனகினாள். பிறகு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாப்புடுறியா பாப்பாத்தி? ரெண்டு புள்ளைக்குக் குடுக்கற," என்று அம்மாவைப் பேர் சொல்லிக் கேட்டாள்.

அம்மா அழுதாள். இந்தத் தடவை நான் அழவிட்டேன்.